தறி ஓடினால் அணையும் ரிசீவர்: சோமனூர் வீடொன்றில் 7.1 ஹோம் தியேட்டர் ஆம்ப் பழுது

கருவி, 2011இல் வாங்கிய 7.1 சேனல் ஏவி ரிசீவர், அதாவது டிவி, செட்டாப் பாக்ஸ் சத்தத்தை வாங்கி ஏழு ஸ்பீக்கருக்கும் ஒரு சப்வூஃபருக்கும் பிரித்துத் தரும் பெட்டி. எச்டிஎம்ஐ 1.4 காலத்து மாடல். இடம், கோவை மாவட்டத்துச் சோமனூர் பக்கம் விசைத்தறிக் குடோனை ஒட்டிய வீடு. வீட்டுக்காரர் சொன்ன குறை இது: "எப்ப நிக்கும்னே தெரியலீங்க. ஒரு நாள் பத்து நிமிஷத்துல டப்புனு நின்னுருது, ஒரு நாள் ஒரு மணி நேரம் ஓடுது. செவப்பு லைட்டு மட்டும் மினுக்கு மினுக்குனு எரியுது. தறி நிக்கிற அன்னைக்கு மட்டும் விடிய விடிய ஓடுதுங்க."

இதோடு இன்னும் மூன்று குறைகள். வலது பின் ஸ்பீக்கர் சத்தம் குறைவாக இருக்கும்போது பேசாது, வால்யூமைக் கூட்டினால் திடீரென்று பேசும். செட்டாப் பாக்ஸ் செருகியிருந்த இரண்டாவது எச்டிஎம்ஐ சாக்கெட் செத்துவிட்டது. புதிதாக வாங்கிய 4கே டிவிக்கு ரிசீவர் வழியாக 4கே படம் வரவே இல்லை.

ஏற்கெனவே இரண்டு இடங்களில் காட்டியிருந்தார்கள். ஒருவர் ஐசி போய்விட்டது, புதுசு வாங்குங்கள் என்றார். இன்னொருவர் நாள் முழுக்கத் தம் மேசையில் ஓட்டிப் பார்த்து, குறையே இல்லையென்று திருப்பிக் கொடுத்தார். இரண்டாமவர் சொன்னதில் பொய் இல்லை. அவர் கடையில் 235 வோல்ட் இருந்தது. குறை இருந்தது ரிசீவருக்கும் அந்த வீட்டு மின்சாரத்துக்கும் நடுவில். ஒன்றை மட்டும் பார்த்தால் தெரியாது.

மூடியைக் கழற்றும் முன்

புரொடெக்‌ஷனில் போகிற, அதாவது தன்னைக் காத்துக்கொள்ளத் தானே அணைந்து சிவப்பு விளக்கை மினுக்குகிற, எந்த ரிசீவருக்கும் முதல் வேலை, பவர் வயர் தவிர எல்லாவற்றையும் உருவிவிடுவது. ஸ்பீக்கர் வயர், எச்டிஎம்ஐ, ஆன்டெனா, சப்வூஃபர் எதுவும் இருக்கக்கூடாது. அப்படியும் அணைந்தால் குறை உள்ளே, இல்லையென்றால் வருகிற மின்சாரத்தில். அணையாவிட்டால் ஸ்பீக்கர் டெர்மினலில் ஒரு முடி இழை பக்கத்து டெர்மினலைத் தொட்டுக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மெக்கானிக்கைத் தேடி வரும் புரொடெக்‌ஷன் கேஸ்களில் இந்த ஒற்றைச் செம்பு இழையின் பங்கு கொஞ்சநஞ்சமல்ல.

இங்கே ஸ்பீக்கர் எதுவும் இல்லாமலேயே, சும்மா ஆன் செய்து வைத்திருந்தபோதே அணைந்தது. ஆகவே ஓவர் கரன்ட் இல்லை, ஸ்பீக்கர் ஷார்ட் இல்லை, சூடும் பெரிதாக இல்லை.

அடுத்து பிளக் பாயின்டில் மல்டிமீட்டர். சும்மா முள்ளையோ எண்ணையோ பார்த்துக்கொண்டிருந்தால் போதாது, மிகக் குறைந்த அளவையும் மிக உயர்ந்த அளவையும் தானே பதிந்து வைக்கும் மீட்டர் வேண்டும். தறி நின்றிருந்த விடியற்காலையில் 232 வோல்ட். தறி ஓடும்போது 206 முதல் 210 வரை. பல தறி மோட்டார்கள் ஒரே சமயத்தில் ஸ்டார்ட் ஆனபோது ஒரு கணம் 184க்கு இறங்கி மீண்டது. மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது ஓடுகிற கரன்டைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். வீட்டுக்கும் குடோனுக்கும் மீட்டர் தனித்தனி என்றாலும் டிரான்ஸ்பார்மர் ஒன்று, கம்பத்துக் கம்பியும் ஒன்று.

அந்த ஒரு கணம்தான் ரிசீவரை அணைக்கிறது என்ற சந்தேகத்தை உறுதிசெய்யக் கடை மேசையில் வோல்ட்டைக் குறைத்துப் பார்க்க வேண்டும். அதற்கு, திருகி வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர்ஸ்டாட் போதும். கோயம்புத்தூரில் மோட்டார் வைண்டிங் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை, அங்கே கேட்டால் கிடைக்கும். 230இல் தொடங்கி மெதுவாக இறக்கினால் 200ஐத் தொட்டதும் அணைந்து, சிவப்பு விளக்கு மினுக்கியது. நன்றாக உள்ள ரிசீவர் அங்கே அணையக்கூடாது.

உள்ளே கண்டது

மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் மெயின் கண்டென்சர்கள் இரண்டு, ஒவ்வொன்றின் கொள்ளளவு 12,000 மைக்ரோஃபாரட், தாங்கும் அளவு 71 வோல்ட். பவர் வயரை உருவிய பிறகும் அதில் 50 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கும். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்வது இங்கே பலரின் வழக்கம். பொறி பறக்கும், டிராக் எரியும், சில நேரம் டயோடும் போகும். 470 ஓம், 10 வாட் ரெசிஸ்டருக்கு இரு பக்கமும் காப்பிட்ட வயர் வைத்து, பாசிட்டிவ் ரெயிலிலிருந்து (ஆம்புக்கு மின்சாரம் போகும் லைன்) கிரவுண்டுக்கு அரை நிமிடம், நெகட்டிவ் ரெயிலிலிருந்து கிரவுண்டுக்கு அரை நிமிடம் பிடித்தால் வடிந்துவிடும். பிறகு மீட்டரில் 1 வோல்ட்டுக்குக் கீழ் வந்ததைப் பார்த்துவிட்டே கை வைக்க வேண்டும்.

மூடியின் காற்றுத் துளைகளுக்கு அடியில் பஞ்சு, சாம்பல் நிறக் கம்பளி விரித்ததுபோல் படிந்திருந்தது. ஹீட்சிங்க் இதழ்களுக்கு நடுவே விரல் நுழையாது. தறிக்குடோன் பக்கத்தில் இருக்கிற எந்த எலக்ட்ரானிக் சாமானுக்கும் இதுதான் கதி. காற்று போகாமல் உள்ளே சூடு நிற்கிறது. ஐப்பசி ஈரத்தில் அந்தப் பஞ்சு தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு போர்டின் மேல் ஒட்டிக்கொள்கிறது. தீப்பிடிக்கிற பொருள் என்பதையும் மறக்கக்கூடாது. காய்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் கிளறி, வேக்குவம் கிளீனரால் இழுத்ததே போதுமானதாக இருந்தது. கம்ப்ரஸர் காற்று வேகமானதுதான், ஆனால் டேங்கில் தேங்கிய தண்ணீரும் கூடவே வரும். ப்ளோயர் பிடித்தாலும் ஃபேன் இறக்கையை விரலால் நிறுத்திக்கொள்ள வேண்டும், வேகமாகச் சுழன்றால் அதுவே கரன்ட் உண்டாக்கிப் போர்டுக்குள் அனுப்பும்.

குறையின் வேர், ரிசீவரை ஆட்டுவிக்கும் மைக்ரோகன்ட்ரோலருக்கு மின்சாரம் தரும் 5 வோல்ட் சப்ளையில் இருந்தது. 5 வோல்ட்டை நிலையாகக் கொடுக்கும் 7805 ரெகுலேட்டர், அதன் ஹீட்சிங்க்கை ஒட்டினாற்போல் ஒரு 3,300 மைக்ரோஃபாரட், 16 வோல்ட், 85 டிகிரி கண்டென்சர். தலை உப்பவில்லை, கசியவில்லை, பார்வைக்குப் புத்தம் புதிது. கழற்றி அளந்தால் 1,300 மைக்ரோஃபாரட் மட்டும். ஈஎஸ்ஆர், அதாவது கண்டென்சரின் உள் தடை, 1 ஓமுக்கு மேல். இந்த அளவுள்ள கண்டென்சருக்கு அது நூறில் ஒரு பங்கு ஓம் கணக்கில் இருக்க வேண்டும். உப்பிய கண்டென்சரை மட்டும் தேடி மாற்றுகிறவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுவார்கள்.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் எல்லாம் பொருந்துகிறது. இந்த லைன் இழுப்பது சுமார் 0.4 ஆம்பியர். 230 வோல்ட்டில் ரெகுலேட்டருக்கு முன்னால் உச்சம் 11.5 வோல்ட். 7805 ஒழுங்காக 5 வோல்ட் கொடுக்க, அதன் வாசலில் எந்த நேரமும் சுமார் 7 வோல்ட் இருந்தாக வேண்டும். நல்ல 3,300 கண்டென்சரில் ரிப்பிள், அதாவது உச்சத்திலிருந்து வோல்ட் இறங்கும் அளவு, 1.2 வோல்ட், இறங்கித் தொடும் பள்ளம் 10.3. செத்துக்கொண்டிருந்த 1,300இல் ரிப்பிள் 3.1 வோல்ட், பள்ளம் 8.4. அப்போதும் பிழைத்துக்கொள்ளும். வீட்டு மின்சாரம் 208க்கு வந்தால் உச்சம் 10.3, பள்ளம் 7.2. மயிரிழையில் தப்பும். 184க்கு இறங்கினால் உச்சம் 9, பள்ளம் 5.9. ரெகுலேட்டர் கைவிட்டுவிடும், மைக்ரோகன்ட்ரோலர் மின்சாரம் போனதாக நினைத்து, மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகளான ரிலேக்களை விடுவித்து ரிசீவரை அணைத்துவிடும். புதுக் கண்டென்சராக இருந்தால் அதே 184இல் பள்ளம் 7.8, ஒன்றும் ஆகாது. ஆக, கிழட்டுக் கண்டென்சர் மட்டும் இருந்தால் ஓடும், குறை வோல்ட் மட்டும் இருந்தாலும் ஓடும். இரண்டும் சேர்ந்தால் படம் பாதியில் நிற்கும்.

அது ஏன் இவ்வளவு சீக்கிரம் கெட்டது? 85 டிகிரிக்கு 2,000 மணி நேரம் என்பது இந்த வகைக் கண்டென்சருக்கு வழக்கமான ஆயுள். சூடு 10 டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும். பஞ்சு மூடிய பெட்டியில் ரெகுலேட்டர் பக்கத்தில் 65 டிகிரி என்று வைத்தால் 8,000 மணி நேரம். நாளுக்கு நான்கு மணி நேரம் ஓடினால் ஐந்தரை வருடம். இங்கே எச்டிஎம்ஐ ஸ்டாண்ட்பை த்ரூ என்ற செட்டிங் ஆனில் இருந்தது, ரிசீவரை அணைத்த பிறகும் படத்தை டிவிக்குக் கடத்துவதற்காக. அதனால் இந்தப் பகுதி இரவு பகலாகச் சூடாகவே இருந்தது. அந்த வசதி தேவைப்படாத வீட்டில் அதை மெனுவில் போய் ஆஃப் செய்வது, காசில்லாமல் ஆயுளைக் கூட்டும் வழி.

மாற்றியதும் மாற்றாததும்

புதிதாகப் போட்டது 3,300 மைக்ரோஃபாரட், 25 வோல்ட், 105 டிகிரி, லோ ஈஎஸ்ஆர். வோல்ட் கூடினால் குட்டையாகவோ ஒல்லியாகவோ வராது, குண்டாகத்தான் வரும். கால்களின் இடைவெளியையும் மூடியின் உயரத்தையும் அளந்துகொண்டு கடைக்குப் போக வேண்டும். ஹீட்சிங்க்கிலிருந்து அரை அங்குலமாவது தள்ளி நிற்கும்படி காலை வளைத்துச் சாய்த்தது கூடுதல் நன்மை. அதே சப்ளையில் இருந்த சின்னக் கண்டென்சர்கள் ஆறும் மாற்றப்பட்டன. 12,000 மைக்ரோஃபாரட் பெரியவை இரண்டும் நன்றாகவே இருந்ததால் தொடவில்லை. "எல்லாத்தையும் மாத்திருங்க" என்பது கேட்க நன்றாக இருக்கும், ஒவ்வொரு தேவையற்ற சோல்டரும் ஒரு டிராக்கைத் தூக்கிவிடும் வாய்ப்புதான்.

கண்டென்சர் வாங்குகிற இடம் முக்கியம். பெரிய டப்பாவுக்குள் சின்ன கண்டென்சரை வைத்து நிச்சிகான், ரூபிகான் என்று ஜப்பான் கம்பெனிப் பெயர் அச்சடித்த போலிகள் சில்லறையாகத் தாராளமாக வருகின்றன. சோல்டர் செய்யுமுன் மீட்டரில் அளப்பது ஒரு நிமிட வேலை.

7805இன் மூன்று கால்களைச் சுற்றியும் மோதிரம் போல் வெடிப்பு, பற்று விட்டுப்போன டிரை சோல்டர். 2006க்குப் பிறகு வந்த போர்டுகளில் பெரும்பாலும் ஈயம் இல்லாத சோல்டர்தான் இருக்கும், அது சுமார் 217 டிகிரியில் உருகும். அதன் மேலேயே 60/40 ஈயச் சோல்டரை அப்பாமல், ஃபிளக்ஸ் போட்டுப் பழையதை விக்கால் (செம்புப் பின்னல்) உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக வைக்க வேண்டும். இன்னொன்று, கண்டென்சர்களை ஆடாமல் பிடிக்க ஆலையிலேயே ஊற்றிய பசை. சூட்டில் அது பழுப்பேறிவிட்டால் மின்சாரத்தைக் கடத்த ஆரம்பிக்கும், அடியில் உள்ள கால்களை அரிக்கவும் செய்யும். இங்கே ஒரு ரெசிஸ்டரின் கால் பச்சை பூத்திருந்தது. பிளாஸ்டிக் பட்டையால் சுரண்டி, ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்து, ரெசிஸ்டரை மாற்றியாயிற்று.

வலது பின் சேனலின் குறை ஆம்பில் இல்லை, ஸ்பீக்கர் ரிலேயில். வால்யூம் கூட்டினால் பேசுவதே அதற்கு அடையாளம்: கான்டாக்டில் படிந்த கறையைச் சின்ன சிக்னலால் உடைக்க முடியாது, பெரிய கரன்ட் உடைத்துக்கொண்டு போகும். சாதாரண மீட்டரின் ஓம் அளவில் இது சிக்காது, மீட்டர் வயரே 0.2 ஓம் காட்டும். ஸ்பீக்கருக்குப் பதிலாக 8 ஓம் டம்மி லோடு வைத்து, 2 வோல்ட் வரும் அளவுக்கு 50 ஹெர்ட்ஸ் டோன் ஓட்டி, ரிலே கான்டாக்டின் இரு முனைக்கும் குறுக்கே ஏசி மில்லிவோல்ட் பார்த்தால் போதும். நல்ல சேனல்களில் பத்துப் பன்னிரண்டு மில்லிவோல்ட். இந்தச் சேனலில் 300க்கு மேல், தட்டினால் எண் குதித்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் மேற்பூச்சு போய், சில மாதத்தில் முன்பை விட மோசமாகும். அதே 24 வோல்ட் காயில், அதே கால் அமைப்பு உள்ள புது ரிலே போட்டதே சரி.

அவுட்புட் டிரான்சிஸ்டர்களின் வெள்ளை தெர்மல் பேஸ்ட் காய்ந்திருந்தது என்றாலும், பதினான்கையும் கழற்றவில்லை. ஒரு மணி நேரம் ஓட்டியபின் ஏழு ஜோடிகளுக்கும் சூட்டில் பெரிய வேறுபாடு இல்லை. தனியாக ஒன்று கொதித்திருந்தால் கழற்றியிருக்க வேண்டும்.

பழுது முடிந்ததும் முதல் பவர், 100 வாட் குண்டு பல்பைச் சீரிஸில் போட்டுத்தான். பளிச்சென்று எரிந்து உடனே மங்கினால் ஷார்ட் இல்லை. எல்இடி பல்பு இதற்கு உதவாது. ஒரு எச்சரிக்கை: சீரிஸ் பல்பு வழியாக வோல்ட் குறைவாகவே போகும் என்பதால் ரிசீவர் முழுதாக ஆன் ஆகாமல் புரொடெக்‌ஷனைக் காட்டலாம். அதைக் குறை என்று எண்ணித் தேட ஆரம்பித்தால் ஒரு நாள் வீண். பல்பு மங்கியதைப் பார்த்ததும் நேர் மின்சாரத்துக்கு மாறிவிட வேண்டும்.

ஸ்பீக்கர் டெர்மினல்களில் டிசி ஆஃப்செட் (சிக்னல் இல்லாதபோதும் கசிந்து வரும் டிசி வோல்ட்) ஏழு சேனலிலும் 20 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தது. 50ஐத் தாண்டினால் காரணம் தேட வேண்டும். பயாஸை (டிரான்சிஸ்டர்கள் சும்மா இருக்கும்போதும் ஓடும் சிறு கரன்டை), சிக்னலும் லோடும் இல்லாமல் நன்றாகச் சூடேறிய பிறகு, எமிட்டர் ரெசிஸ்டர்களின் குறுக்கே சர்வீஸ் மேனுவல் சொல்கிற அளவோடு ஒப்பிட்டதில் திருகவே தேவைப்படவில்லை. கடைசியாக மறுபடியும் டிம்மர்ஸ்டாட். இப்போது 170 வரை தாங்கியது.

எச்டிஎம்ஐயை ஏன் விட்டோம்

பழைய ரிசீவரில் இரண்டு ஜீவன் இருக்கிறது. ஒன்று டிரான்ஸ்பார்மர், கண்டென்சர், அவுட்புட் டிரான்சிஸ்டர் அடங்கிய ஆம்ப். இன்னொன்று எச்டிஎம்ஐ, ஒலி சிக்னலைப் பிரித்தெடுக்கும் டிகோடர் அடங்கிய டிஜிட்டல் போர்டு. முதலாவதைப் பத்துப் பதினைந்து வருடம் கழித்தும் உள்ளூரில் பழுது பார்க்கலாம், அதற்குச் செலவழிப்பது வீணல்ல. இரண்டாவது வேறு கதை.

சாக்கெட் செத்தது கேபிள் வழியாக வந்த இடியால் என்றே கொள்ள வேண்டும். கோடை மழைக் காலத்தில் கம்பத்துக்குக் கம்பம் தாவி வருகிற கேபிள் வயர் செட்டாப் பாக்ஸைத் தொட்டு, எச்டிஎம்ஐ வழியாக ரிசீவரின் சுவிட்ச் ஐசியை அடிக்கும். அந்த ஐசி தனியாகக் கிடைப்பது அரிது, போர்டு கம்பெனியில் வருவதில்லை, ஹீட் கன்னால் சூடேற்றி உயிர் கொடுப்பது சில மாதத்துக்கு மேல் நம்பத்தக்கதல்ல. அத்தனையும் கடந்து சரி செய்தாலும், எச்டிஎம்ஐ 1.4 காலத்து இந்த ரிசீவரில் எச்டிசிபி 2.2, அதாவது 4கே படங்களுக்குப் போடும் நகல் தடுப்புப் பூட்டைத் திறக்கும் வசதி, கிடையாது. 4கே ஓடிடி பெட்டியும் 4கே டிஸ்க் பிளேயரும் இந்த ரிசீவர் வழியாக 4கே படம் தரப்போவதில்லை.

ஆகவே எல்லா மூலங்களும் நேரே டிவிக்கு. டிவியின் ஆப்டிகல் அவுட்டிலிருந்து ஒரே வயர் ரிசீவருக்கு. ரிசீவரில் ஏஆர்சி, அதாவது டிவியின் சத்தத்தை எச்டிஎம்ஐ வழியாகவே திருப்பி வாங்கும் வசதி, இருந்தும் ஆப்டிகலைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. ஆப்டிகலில் போவது வெளிச்சம், செம்பு இல்லை. டிவி வரை இடி வந்தாலும் அந்த வயரைத் தாண்டி ரிசீவருக்குள் நுழையாது. கேபிள் எர்த்தால் வரும் 'ம்ம்ம்' இரைச்சலும் இருக்காது.

இழப்பையும் சொல்லிவிட வேண்டும். ஆப்டிகலில் டால்பி டிஜிட்டல் 5.1, டிடிஎஸ் 5.1 போகும். டால்பி ட்ரூஎச்டி, டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோ, அட்மாஸ் ஆகிய மேம்பட்ட ஒலி வடிவங்கள் போகாது. ஓடிடி பார்க்கிற வீட்டுக்கு இது பெரிய குறை அல்ல, பல டிவிகள் டால்பி டிஜிட்டல் பிளஸ்ஸை டால்பி டிஜிட்டலாக மாற்றி ஆப்டிகலில் விடும். டிவி மெனுவில் டிஜிட்டல் அவுட் பிசிஎம் என்று இருந்தால் இரண்டே சேனல்தான் வரும், அதை டால்பி டிஜிட்டல் அல்லது ஆட்டோ என்று மாற்ற வேண்டும். "பின்னாடி ஸ்பீக்கரு பேசவே மாட்டேங்குதுங்க" என்ற புகாருக்குப் பாதி நேரம் இந்த ஒரு வரிதான் காரணம். வயரைக் கூர்மையாக மடிக்கக்கூடாது. தறி ஊரில் இன்னொன்றும் உண்டு: உபயோகிக்காத ஆப்டிகல் துளைக்குள் பஞ்சு புகுந்து வெளிச்சத்தை மறைத்துவிடும், அதன் மூடியைத் தொலைக்காமல் போட்டு வைக்க வேண்டும்.

புதுசு எப்போது

இந்த வேலைக்குச் சாமான் செலவு இரண்டாயிரம் ரூபாய்க்குள். அட்மாஸ் உள்ள புது 7.2 ரிசீவர் ஐம்பதாயிரத்தைத் தாண்டும். ஆனாலும் சில நேரங்களில் புதியதே நியாயம். ஆப்டிகல் கொடுத்தும் சத்தமே வராமல் டிகோடர் சிப் போயிருந்தால், ஓட்டுக்கூரை ஒழுகித் தண்ணீர் இறங்கி போர்டு பச்சை பூத்திருந்தால், வீட்டில் 4கே கேம் பெட்டியும் கூரை ஸ்பீக்கரும் வேண்டுமென்றால், பழையதில் காசு போட வேண்டாம். டிரான்ஸ்பார்மர் பிரைமரி (மின்சாரம் உள்ளே வரும் பக்கத்துச் சுற்று) ஓப்பன், அதாவது அறுந்ததாகக் காட்டினால் உடனே கைவிட வேண்டியதில்லை. மேல் காகிதத்துக்கு அடியில் தெர்மல் ஃபியூஸ் இருக்கும், பல நேரம் போயிருப்பது அதுதான். அதைச் சும்மா ஷார்ட் செய்யாமல், அதே டிகிரி ஃபியூஸ் போட வேண்டும். சுற்றுக் கம்பியே எரிந்திருந்தால், தகடு அடுக்கிய ஈஐ கோர் வகை என்றால் கோவையில் சுற்றித் தருவார்கள்.

பாதி விலைக்கு அசெம்பிள் செட் கட்டித் தருகிறேன் என்பவரும் வருவார். 5200, 1943 டிரான்சிஸ்டர் போர்டுகளில் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஒழுங்கான டிரான்ஸ்பார்மர் கொடுத்தால் நன்றாகவே பாடும். டிகோடர் போர்டில்தான் ஸ்பீக்கர் தூரக் கணக்கும் அறைத் திருத்தமும் ரிசீவர் அளவுக்கு வராது. 12-0-12, 5 ஆம்பியர் டிரான்ஸ்பார்மர் வைத்துக்கொண்டு 1,000 வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டினால், உள்ளே வருவதே 24 வோல்ட், 5 ஆம்பியர் கணக்கில் 120 வாட்தான் என்பதை நினைவில் வைக்கலாம்.

வீட்டு வயரிங்

ரிசீவரைத் திருப்பி வைத்த பிறகு நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே பார்த்ததில், ஹாலில் ஏசி ஓடும்போது 9 வோல்ட். இரண்டு மூன்றுக்கு மேல் போகக்கூடாது. மெயின் சுவிட்சில் நியூட்ரல் ஸ்க்ரூ தளர்ந்து கருகியிருந்தது. உரிமம் உள்ள வயர்மேன் சப்ளையை எடுத்துவிட்டு நியூட்ரல் லிங்க்கை மாற்றியதும், தறி ஸ்டார்ட் ஆகும்போது பதிவான மிகக் குறைந்த அளவு 184இலிருந்து 191க்கு ஏறியது.

ஸ்டெபிலைசர் வேண்டுமா என்று கேட்டார்கள். குறை வோல்ட்டுக்கு இனி தேவையில்லை. தறி ஸ்டார்ட் ஆகும்போதெல்லாம் ரிலே வகை ஸ்டெபிலைசர் டக் டக்கென்று டேப் மாற்றிக்கொண்டிருக்கும், அதுவே தொந்தரவு. பயப்பட வேண்டியது கம்பத்தில் நியூட்ரல் அறுந்து வோல்ட் ஏறுவதற்கு. 230இல் 58 வோல்ட் உள்ள ரெயில் 260இல் 65ஐத் தாண்டும், 71 வோல்ட் கண்டென்சர் தாங்கும், 63 வோல்ட் போட்ட மாடல் தாங்காது. 260க்கு மேல் துண்டித்துவிடும் ஹை கட் ஆஃப் உள்ள 1 கேவிஏ பெட்டி ஒன்று போடப்பட்டது. மூடியின் பஞ்சை வருடத்துக்கு இரண்டு முறை, அடைமழைக்கு முன் ஒன்றும் தை பிறந்ததும் ஒன்றுமாக எடுக்கச் சொல்லியாயிற்று.